வெளித்தண்ணியின் நிறம்

மீட்டர் ஏறினால் யாருக்கும் சந்தோஷம்தான். அன்று காலை எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"பாத்தியாடி! ராத்திரி நல்லா ஊறப் போட்டேன்ல, எப்படிப் பாயுது பாரு!" என்று அக்கா கத்தினாள்.

பம்ப் ஓடும்போது எங்கள் ஷெட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவதுதான். கத்திக் கத்தித் தொண்டைக்கு அதுவே பழகிவிட்டது. வீட்டில் உப்பு டப்பாவைக் கேட்டால்கூடக் கத்தித்தான் கேட்போம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், இங்கே தினமும் அடிதடி என்று நினைத்து சமாதானம் பேச வந்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், ஒருவர்தான் மெதுவாகப் பேசுவார். அவர் சொல்வதில் பாதி எங்கள் இருவர் காதிலும் விழாது. அவருக்கு அது வசதியாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டை ஒட்டி இருப்பது ஆரஞ்சு ஜூஸ் தொழிற்சாலை. சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலை இன்னொரு தரம் நசுக்குவார்கள். அதிலிருந்து கலங்கலாக, வாயில் வைக்க முடியாத கசப்போடு ஒரு தண்ணீர் வரும். முன்பெல்லாம் அது நேராக வாய்க்காலுக்குப் போய் நாறிக்கொண்டிருந்தது. அந்தக் கசப்புக்குக் காரணமான மஞ்சள் பொருளை மருந்து கம்பெனிகள் தேடித் தேடி வாங்குகின்றன என்று கண்டுபிடித்தது அக்கா. அவள் அப்போது அதே தொழிற்சாலையின் லேபில் இருந்தாள். வேலையை விட்டாள். மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து, சும்மா கிடந்த இந்த ஷெட்டை வாடகைக்கு வாங்கினாள். மூடிப்போன ஒரு பால் பண்ணையின் பழைய இரும்புக் குழாய்களை லாரியில் ஏற்றி வந்து, அத்தானோடு சேர்ந்து தேய்த்துக் கழுவி, பொருத்தி, இந்த மிஷினை நிற்க வைத்தாள். நான் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவள்.

மிஷின் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழாய்க்குள் பாய் போலச் சுருட்டி வைத்த மெல்லிய சவ்வுகள். மெம்பரேன் என்போம். முதல் குழாயில் இருப்பது கொஞ்சம் தாராளமானது. சக்கையையும் கொழகொழப்பையும் மட்டும் தடுக்கும். இரண்டாவது படு கெட்டி. பம்ப் முக்கித் தள்ளினால் வெறும் தண்ணீரை மட்டும், கஞ்சன் நன்கொடை தருவது போல, முனகி முனகி விடும். மஞ்சள் பொருள் உள்ளேயே தங்கி, சுற்றிச் சுற்றித் தொட்டிக்கு வந்து கெட்டிப்படும். தங்குவது சரக்கு. வெளியே போவது வெளித்தண்ணி. அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று காட்டுவதுதான் மீட்டர். வெளித்தண்ணிக்கு நிறம் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலே அந்த ஒரு வரிதான்.

கஞ்சன் திடீரென்று வாரி இறைத்தால் நாம் சந்தோஷப்படலாமா? ஏதோ ஆகிவிட்டது என்றல்லவா பயப்பட வேண்டும்?

அதுவும் அன்றைக்கா! மருந்து கம்பெனியிலிருந்து ஆய்வாளர் அம்மா வருகிற நாள். அவர் நின்று பார்த்து, எங்கள் சரக்கை எடுத்துப் போய், சரி என்று சொன்னால் அந்தக் கம்பெனி இனி மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஷெட் போய்விடும். மேனேஜருக்கு இந்த இடத்தைக் குளிர்கிடங்கு ஆக்கும் ஆசை வந்துவிட்டது. சுவரை அளக்க ஆள்கூட அனுப்பிப் பார்த்துவிட்டார். ஆரஞ்சு வரத்தும் அந்த வாரத்தோடு நிற்கிறது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்ல வழியே இல்லை.

நான் வெளித்தண்ணிக் குழாயடியில் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள். லேசாகத்தான், ஆனால் மஞ்சள். அத்தானைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார், முகத்தைச் சுளித்தார், துப்பினார். கசக்குது என்று அவர் உதடு சொன்னது.

கெட்டி மெம்பரேன் புளிப்பைத் தாங்கும். பம்பின் அழுத்தத்தைத் தாங்கும். குளோரினை மட்டும் தாங்காது, அரித்துத் தின்றுவிடும். அதனால் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. குழாய்க்குள் எந்தத் தண்ணீர் போனாலும் முதலில் சோதனைத் தாளை அதில் முக்க வேண்டும். தாள் வெள்ளையாகவே இருந்தால் விடலாம். நிறம் மாறினால் விடக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே அக்காதான். தாளை முக்காமல் எவளாவது தண்ணியைத் திறந்தால் கையை ஒடிப்பேன் என்பாள். எவளாவது என்றால் நான்தான். வேறு எவளும் அங்கே கிடையாது.

தொழிற்சாலையிலிருந்து எங்களுக்கு வரும் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். திறக்கும்போதே மூக்கில் ஏறியது, ப்ளீச்சிங் பவுடர் நெடி. தாளை முக்கினேன். கருநீலமாகிவிட்டது.

அக்காவிடம் ஓடி, தாளை அவள் கண்ணெதிரே நீட்டினேன். "ராத்திரி ஊறப் போட்ட தண்ணிய டெஸ்ட் பண்ணியா?"

"என்னைக்கும் வர்ற தண்ணிதானடி..." என்று ஆரம்பித்தவள் தாளைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. இரவு முழுவதும் மெம்பரேன் அந்தத் தண்ணீரில்தான் ஊறிக் கிடந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்? கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் நுழைந்தார், பின்னால் ஆய்வாளர். குள்ளமான அம்மாள். தோளில் சின்னச் சின்ன பாட்டில்கள் நிறைந்த பை. சத்தத்துக்காகக் காதில் பஞ்சடைப்பான் செருகியிருந்தார். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக அவரிடம் கத்திக்கொண்டே வந்தார்.

"மேடம் வர்றீங்கன்னு நேத்தே தண்ணித் தொட்டியெல்லாம் ப்ளீச்சிங் போட்டுக் கழுவ வச்சிட்டேன்! தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்!"

அந்த ஆளின் தலையை அதே தொட்டியில் முக்கி எடுத்தால் என்ன என்று இருந்தது எனக்கு. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கழுவுகிறேன் பேர்வழி என்று அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து நிற்கிறார், அதற்குப் பாராட்டு வேறு எதிர்பார்க்கிறார்.

மேனேஜர் மீட்டரைப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். ஆய்வாளரும் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கத்துப் பஞ்சடைப்பானை எடுத்துவிட்டு, "எப்பவும் இவ்வளவு வருமா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நல்லாக் கழுவி வச்சா வரும் மேடம்!" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. என் அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கோபப்படுவாள், சாமானை விட்டெறிவாள், அத்தானை நாள் முழுக்கப் பட்டினி போடுவாள். பொய் மட்டும் வராது. ஆய்வாளர் தலையாட்டிவிட்டு, பஞ்சடைப்பானைத் திரும்பச் செருகிக்கொண்டு, முதல் குழாயைப் பார்க்க ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போனார். மேனேஜர் கூடவே ஒட்டிக்கொண்டு போனார்.

அக்கா என் கையைப் பிடித்துத் தொட்டிக்குப் பின்னால் இழுத்தாள்.

"அக்கா, நிறுத்தணும்!"

"நிறுத்தினா கதை முடிஞ்சுதுடி!"

"ஓடினாலும் முடிஞ்சுது! சரக்கெல்லாம் வெளித்தண்ணியில போய்க்கிட்டிருக்கு! சாயங்காலம் தொட்டியில என்னத்த மோந்து குடுப்ப, வெறும் சாக்கடையா?"

அவள் கண் குளிர் அறையின் கதவுப் பக்கம் போனது. அங்கே போன வாரம் எடுத்த சரக்கு கேன்களில் இருந்தது. கெட்டியாக, அருமையான சரக்கு. அவள் நினைப்பு எங்கே ஓடுகிறது என்று அத்தானுக்கும் புரிந்துவிட்டது. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

மேற்கொண்டு பேசி என்ன ஆகப்போகிறது? ஒவ்வொரு நிமிடமும் நல்ல சரக்கு வாய்க்காலுக்குப் போகிறது. நான் சுவரோரம் போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. என் முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். பம்ப் இறங்கி, உறுமல் தேய்ந்து, சட்டென்று நின்றது. அவள் குரல் நிற்கவில்லை.

"போன வாரச் சரக்க ஊத்திட்டா அந்தம்மாவுக்கு எங்கடி தெரியப் போகுது!"

தகரக் கூரை அதை வாங்கி ஷெட் முழுக்கத் திருப்பிச் சொன்னது.

அத்தனை அமைதியை அந்த ஷெட்டில் நான் கேட்டதே இல்லை. எங்கேயோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். மேனேஜர் திறந்த வாயை மூடாமல் நின்றார். ஆய்வாளர் பஞ்சடைப்பான்கள் இரண்டையும் விரலில் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் நின்றதுமே எடுத்திருக்கிறார். அக்காவின் கை இன்னும் காற்றில் நீட்டியபடி இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எனக்கு மறக்கத் தெரியவில்லை.

"ஏன் நிறுத்தினீங்க?" ஆய்வாளர் என்னைத்தான் கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரைக் காட்டினேன், நீலத் தாளைக் காட்டினேன். தாளை முக்காமல் விட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"நான் சுத்தமாத்தானே வைக்கச் சொன்னேன், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் மேனேஜர். ஆய்வாளர் அதைக் காதில் வாங்காமல் என்னிடம் கேட்டார்.

"வேற மெம்பரேன் இருக்கா?"

"பழசு ஒண்ணு இருக்கு மேடம். ஆனா ரொம்ப மெதுவாத்தான் ஓடும். மீட்டர் ஏறவே ஏறாது."

"மாட்டுங்க. நான் இருக்கேன்." ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டம்ளரில் இருந்த மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, போன் பேசுகிற சாக்கில் நழுவினார்.

மாட்டுவது சரி, தண்ணீருக்கு எங்கே போவது? வேறு மெம்பரேனை மாட்டுமுன் குழாய்களை அலச வேண்டும், மாட்டியபின்னும் அலச வேண்டும். வருவதெல்லாம் ப்ளீச்சிங் தண்ணீர். இதைக் கொண்டு அலசினால் பழையதும் பாழ்.

அக்கா உள்ளே போனாள். பழைய மெம்பரேன்களைக் கெடாமல் ஊறவைக்கிற வெள்ளைப் பொடி ஒரு டின்னில் உண்டு. அந்தப் பொடி குளோரினைக் கொன்றுவிடும். எனக்கு அது தெரியும், ஆனால் அந்தப் பதற்றத்தில் என் மண்டைக்கு எட்டவில்லை. அவளுக்கு எட்டியது. பெரிய டிரம்மில் தண்ணீர் பிடித்து, பொடியைத் தூவி, துடுப்பால் கலக்கினாள். ஒரு தாளை முக்கினாள். லேசாக நீலம். இன்னும் கொஞ்சம் தூவிக் கலக்கினாள். அடுத்த தாள் வெள்ளையாகவே வந்தது. அதை என் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு டிரம்மின் விளிம்பில் வைத்தாள். அவள் வாயைத் திறக்காமல் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அப்போதுதான்.

கெட்டுப்போன மெம்பரேனை நானும் அத்தானும் உருவினோம். வெளியே பார்த்தால் புத்தம் புதிது போல இருந்தது. பழையதை உள்ளே தள்ளும்போது அதன் நுனியில் இருக்கும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டால் போச்சு. அந்தச் சந்து வழியாகவே சரக்கு ஒழுகும். மாற்று வளையமும் கிடையாது. அத்தான் நெற்றி வியர்வை கண்ணில் இறங்க இறங்க, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அதை உள்ளே அனுப்பினார். கடைசியில் ஒரு சின்ன 'டக்'. அவர் மூச்சு விட்டார்.

பம்ப் போட்டோம். மீட்டர் முள் அசைந்தது, அவ்வளவுதான். அதற்குமேல் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

முதல் டம்ளர், மஞ்சள். குழாயில் தங்கியிருந்தது வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்ததும் மஞ்சள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்தான். அதற்கடுத்த டம்ளரை அத்தான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், வாயில் வைத்தார், விழுங்கியே விட்டார். சிரித்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு எதிரி, வெயில். தோல் தண்ணீர் சூடேறினால் புளித்து நுரைத்துவிடும்; சரக்கும் சேர்ந்து கெடும். மிஷின் ஓடும் வேகத்துக்கு எது முந்தும் என்று சொல்ல முடியவில்லை. அக்கா கோணிப்பைகளை நனைத்து நனைத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே இருந்தாள். காய்ந்தால் எடுப்பாள், நனைப்பாள், போர்த்துவாள். சாப்பிடவில்லை. ஆய்வாளர் இருந்த பக்கம் திரும்பவில்லை. நான் ஒரு தடவை கோணியின் மறுமுனையைப் பிடிக்கப் போனேன். என் கையிலிருந்து அதை மெதுவாக உருவிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் தொட்டியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சரக்கு நின்றது. புளிப்பு வாடை அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. பம்பை நிறுத்தினேன். ஆய்வாளர் சரக்கில் ஒரு பாட்டில், வெளித்தண்ணியில் ஒரு பாட்டில் பிடித்தார். பையிலிருந்து, கெட்டியை அளக்கிற, கைக்குள் அடங்கும் ஒரு கருவியை எடுத்து, அதன் கண்ணாடியில் சரக்கை ஒரு சொட்டு விட்டு, கண்ணில் வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"கம்மிதான். ஆனா சரக்கு நல்லா இருக்கு. எடுத்துக்கலாம்னுதான் நான் சொல்லுவேன். என் பேச்ச எங்க கம்பெனியில கேப்பாங்க."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர். "மிஷினுக்குப் பொறுப்பு நீங்களா இருக்கணும். அவங்க இல்ல. இது மருந்துக்குப் போற பொருள். நான் காதால கேட்டதக் கேக்கலன்னு சொல்ல முடியாது."

ஷெட்டில் பம்ப் ஓடவில்லை. அக்கா தொட்டிக்குப் பக்கத்தில், ஈரக் கோணியோடு நின்றாள். ஒரு வார்த்தை விடாமல் அவள் காதில் விழுந்திருக்கும்.

"அவ இல்லன்னா இந்த ஷெட்டே இல்ல மேடம்," என்றேன். "இந்த மிஷினே அவளோடது. இன்னைக்கு அந்தப் பொடியக் கலக்கி எல்லாத்தையும் காப்பாத்தினது அவதான். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்தேன். அதுக்காகத்தான் உங்க ரெண்டு பேரையும் சேத்து வேணாம்னு சொல்லாம இருக்கேன்."

"அப்ப எங்களுக்கு இது வேணா..."

"ஒத்துக்கோடி," என்றாள் அக்கா.

"அக்கா, நீ சும்மா இரு."

"ஒத்துக்கோன்னு சொல்றேன்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூரை அதிர்ந்தது. ஆய்வாளரே ஒரு அடி பின்வாங்கினார். நான் ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை யோசிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனோம். அன்று எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள். பாத்திரம் கழுவும்போது அக்கா எதையோ கேட்டாள். காதில் விழவில்லை. என்ன என்றேன். மறுபடியும் கேட்டாள். நான் கிட்டே போனேன்.

"வேணும்னேதான் நிறுத்தினியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. நீ பேசிக்கிட்டிருந்ததே எனக்குத் தெரியாது."

தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அது உண்மைதான், எனக்குத் தெரியாது. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் பொறுத்து அமுக்கியிருப்பேனா? அதை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் வாய் திறக்குமுன்பே அமுக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை நான் போய் ஷெட்டைத் திறந்தேன். அத்தான் குழாய்களைத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா வாசலோடு நின்றுவிட்டாள். செருப்பின் நுனிகூடப் படியைத் தாண்டவில்லை.

"உள்ள வரலாமா, மேடம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அழுதால் அவளும் அழுவாள், அப்புறம் வேலை நடந்த மாதிரிதான். சோதனைத் தாள் டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு வா!" என்று கத்தினேன், பம்ப் ஓடாதபோதே.

போனாள். குழாயடியில் குனிந்து முக்கினாள். தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் காட்டினாள். வெள்ளை. நான் தலையாட்டினேன். உள்ளே வந்தாள்.

காலையில் பம்பைப் போடுவது எப்போதும் அவள்தான். அதை வேறு யாரையும் தொட விடமாட்டாள். பழக்கத்தில் கை பச்சைப் பொத்தான் பக்கம் போனது. பாதியிலேயே நின்றது. அவள் அந்தக் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

நான் அமுக்கினேன். பம்ப் உறுமி எழுந்தது. அக்கா ஏதோ சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். என் காதில் விழவில்லை.